குழந்தை போட்ட தாளம்

வெள்ளிமலை
18.11.2024

அடியே தனு,

நீயும் பூமாலையும் நிர்மலாவும் அடிச்சுக்காம இருக்கீங்களா? இங்க எங்க வூட்டாண்ட டவரே கிடையாது, அதான் பேனாவைப் புடிச்சிருக்கேன். மலைமேல வேலை பாக்குற வாத்தியாரைக் கட்டிக்கினவளுக்கு இதான் கதி.

நேத்து ஏழாம் மாச செக்கப்புக்குக் கள்ளக்குறிச்சி இறங்கினேன். டாக்டரம்மா வயித்துல மிஷினை வெச்சு, குழந்தையோட இதயத் துடிப்பைக் கேக்க வெச்சாங்க. ஐயோ, இன்னா ஸ்பீடுடி! நம்ம ‘மரவள்ளி’ பேண்டுல இத்தினி வருஷம் டிரம்ஸ் அடிச்சிருக்கேன், அந்த வேகம் எனக்கு வராது. போன்ல புடிச்சு அங்கியே உனக்கு அனுப்பிட்டேன், வந்துச்சா? நம்ம முதல் ரெக்கார்டுல கடைசிப் பாட்டு மட்டும் டிரம்ஸ் இல்லாம நிக்குதே, அதுக்கு இதையே தாளமா வையி. பாப்பா பொறந்ததும் நான் வந்து மேல அடிக்கிறேன். அதுக்குள்ள வேற எவளையாவது என் ஸ்டூல்ல உக்கார வெச்ச, தொலைச்சுடுவேன்.

உன் இலக்கி


சென்னை
2.12.2024

என் தங்கமே இலக்கி,

வந்துச்சுடி. கேட்டதும் பூமாலை பேஸ் கிட்டாரைக் கீழ வெச்சுட்டு ஓன்னு அழுதுட்டா. நிர்மலா அவளைப் பாத்துச் சிரிச்சு, அப்புறம் அவளும் அழுதா. பாட்டு முடிஞ்சுடுச்சு. முதல்ல துடிப்பு மட்டும், அது மேல என் குரல். சின்னசேலத்துல எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “பொட்டப் புள்ளைங்க இன்னாத்துக்குடி இப்படிக் கத்துறீங்க”ன்னு திட்டுறவங்க, இன்னொரு தபா போடுன்னாங்க!

மார்ச்ல ரெக்கார்டு வெளியாவுது. அட்டையில டிரம்ஸ்னு போட்டு உன் பேரும் பாப்பா பேரும் வரும், சீக்கிரம் ஒரு பேரை முடிவு பண்ணு. உன் வாத்தியாரு இளமாறன் அண்ணனையும் உன் மாமியாரையும் கேட்டதாச் சொல்லு. ஜீப்புல ஜாஸ்தி அலையாத.

தனுஷா


வெள்ளிமலை
20.1.2025

தனு,

அவரு உனக்குப் போன்ல சொல்லியிருப்பாரு. எட்டாம் மாசமே வலி வந்துடுச்சு. ஜீப் மலை இறங்குறதுக்குள்ள எல்லாம் போச்சு. பொண்ணுடி.

மாமியார் மூஞ்சியை எனக்குக் காட்டவே இல்ல, பாத்தா மறக்க முடியாதாம். திருநாவலூர்ல மாமியாரூட்டுக் கொல்லையில பொதைச்சுட்டு வந்துட்டாங்க. இத்தினூண்டு குழந்தைக்கு மேளம் கிடையாதாம், பேர் வெக்கக் கூடாதாம், கருமாதியும் இல்லியாம். டிரம்ஸ் அடிக்கிறவ பெத்த பொண்ணு ஒரு சத்தம் இல்லாம போயிட்டா. அங்க ஆளாளுக்கு ஆறுதல் சொன்னது தாங்காம மலைக்கே வந்துட்டேன்.

என் போன்ல இருந்த துடிப்பை அவரு அழிச்சுட்டாரு. கேட்டுக் கேட்டு அழுவுறேனாம். நல்ல மனுஷன்தான், ஆனா அன்னைக்கு அவரு மூஞ்சியைப் பாக்கப் புடிக்கல. பரவால்ல, உன்கிட்ட இருக்குதே. அதை நெனச்சுத்தான் சோறு எறங்குது. பாட்டுல கை வெச்சிடாத. துடிப்பை ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தபால்ல அனுப்பு. கள்ளக்குறிச்சி இறங்கி போன் பண்ண உடம்புல தெம்பில்ல.

இலக்கியா


சென்னை
20.1.2025

இலக்கி கண்ணு,

அண்ணன் போன் பண்ணதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உன்னை வந்து பாக்கணும்னு துடிச்சேன், இப்ப வேணாம்னுட்டாரு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், நீ அதை நெனச்சு பயந்துகினு இருப்ப. அந்தப் பாட்டுலேர்ந்து துடிப்பை எடுத்துட்டோம். அதுக்குப் பதிலா நாங்க மூணு பேரும் கை தட்டியிருக்கோம். நீ அனுப்பினது, பூமாலை லேப்டாப்புல இருந்த காப்பி, ஒண்ணு விடாம அழிச்சாச்சு. என்னைக்காவது தெரியாத்தனமா அது உன் காதுல வுழுந்துட்டா நீ தாங்க மாட்ட. உனக்காகத்தான்டி பண்ணேன்.

உன் ஸ்டூல் அப்படியே இருக்குது. எப்ப வேணா வா.

தனு


வெள்ளிமலை
3.2.2025

தனுஷாவுக்கு,

நம்ம ரெண்டு பேர் லெட்டரும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. என்னுது கையில கெடச்சப்ப நீ எப்படி அழுதிருப்பேன்னு எனக்குத் தெரியும். உன்மேல கோவம் இல்லன்னு எழுதத்தான் உக்காந்தேன். எழுத வரல, கோவம் இருக்குது.

உக்காந்து உக்காந்து தொடையில தட்டிப் பாக்குறேன். அந்த வேகம் புடிபடல. நம்ம பாட்டெல்லாம் தூக்கத்துல எழுப்பினாலும் அடிப்பேன், அது மட்டும் கைக்கு வர மாட்டேங்குது. எல்லாரும் எனக்கு நல்லதுதான் நெனச்சீங்க. மாமியார் மூஞ்சியை மறைச்சாங்க, அவரு போன்ல அழிச்சாரு, நீ பாட்டுல அழிச்ச. பெத்தவ இவளாச்சே, இவளை ஒரு வார்த்தை கேப்போம்னு ஒருத்தருக்கும் தோணலியே!

ரெக்கார்டு நல்லா ஓடட்டும், மனசாரத்தான் சொல்றேன். அட்டையில என் பேர் வேணாம். ஸ்டூல்ல வேற பொண்ணை உக்கார வெச்சுக்குங்க.

இதுக்கு நீ பதில் எழுதாத. நீ எழுதினா படிச்சுட்டு அழுதுடுவேன், அழுதுட்டா மன்னிச்சுடுவேன். உன்னை மன்னிக்க எனக்கு இஷ்டம் இல்ல.

இலக்கியா