தலைகீழ் வகுப்பறையைத் திருடியவருக்கு

சார்,

ஆம்பூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் உங்கள் முகம்தான் எதிரே நின்றது. ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, தலைகீழ் வகுப்பறையை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எதிர்க் கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாதாம். நான் உங்களோடுதானே பேசுகிறேன்.

அப்போது நீங்கள் ஆம்பூரில் தலைமையாசிரியர், நான் உங்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பாடத்தை வீட்டில் என் ஃபோனில் பேசிப் பதிவுசெய்து பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவேன். ஷூ கம்பெனி வேலை முடிந்து அம்மாவோ அப்பாவோ வந்ததும் அவர்கள் ஃபோனில் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். ஃபோன் இல்லாத வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கும். மறுநாள் வகுப்பில் நான் பாடம் நடத்தமாட்டேன். பார்த்ததைச் செய்து பார்ப்போம், கேள்வி கேட்டுச் சண்டை போடுவோம். பாடம் வீட்டில், பயிற்சி வகுப்பில்; அதுதான் தலைகீழ் வகுப்பறை.

ஒன்பதாம் வகுப்பில் பர்வீன் என்றொரு பெண் இருந்தாள். திக்குவாய். வகுப்பில் வாயே திறக்காதவள், வீடியோ அனுப்பத் தொடங்கிய பிறகு என்னிடம் வந்து நின்றாள். "புரியலன்னா உங்கள நி... நிறுத்திட்டுத் திரும்பக் கேக்கலாம் டீச்சர். யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தீர்கள். பிள்ளைகள் தரையில் வட்டவட்டமாக உட்கார்ந்து பல்பும் பேட்டரியும் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் ஓர் எழுத்தும் இல்லை.

"இன்னாம்மா இது? பாடத்த ஃபோன் நடத்துது. நீ எதுக்கு சம்பளம் வாங்குற?"

அதோடு போயிருந்தால் இந்நேரம் உங்களை மறந்திருப்பேன். நீங்கள் பர்வீனைக் காட்டி, "எழுந்திரு. வீடியோல இன்னா பாத்த, சொல்லு" என்றீர்கள்.

"மி... மி..." என்றாள். சொல் வரவில்லை. கையில் எரிந்துகொண்டிருந்த பல்பை உங்கள் பக்கம் நீட்டினாள். அதை நீங்கள் பார்க்கவே இல்லை. அவளைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு "மி... மி..." என்று சொல்லிக் காட்டினீர்கள். வகுப்பு சிரித்தது. "பாத்தியா டீச்சர், உன் வீடியோ லட்சணம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

வீடியோ அனுப்பக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஒன்பதாம் வகுப்பையும் என்னிடமிருந்து பிடுங்கினீர்கள். பர்வீன் பள்ளிக்கு வரவில்லை என்று வீடு தேடிப் போனேன். "வரமாட்டேன்னு அழுவுறா டீச்சர். நாங்க இன்னா பண்றது?" என்றாள் அவள் அம்மா. கெஞ்சிக் கூட்டிவந்தேன். ஆனாலும் பத்தாவதில் அறிவியலில் தவறினாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். நான் வேலூரில் வேறு பள்ளிக்கு வந்தேன்.

சில வருடம் கழித்து வேலூரிலேயே ஆசிரியர்களுக்கான பயிலரங்கு. ஓய்வுபெற்ற கல்வியாளர் என்று உங்களை மேடையேற்றினார்கள். நான் பின்வரிசையில் இருந்தது உங்களுக்குத் தெரியாது. தலைகீழ் வகுப்பறையை உங்கள் பள்ளியில் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று பேசினீர்கள். என் முறை, என் சொற்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு, "எங்கிட்ட ஒரு பொண்ணு, திக்குவாய். அவளையே பேச வெச்சேன்" என்றீர்கள். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். "அந்தப் பொண்ணு பேரு இன்னா சார்?"

உங்களுக்குத் தெரியவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள், முகம் வெளிறியது. நானே பெயரைச் சொன்னேன். நீங்கள் அவளைப் போலப் பேசிக் காட்டியதையும், அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "அது... அது வந்து..." என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டீர்கள். சாயங்காலம் ஃபோன் செய்து, "இந்த வயசுல என்ன அசிங்கப்படுத்திட்டியேம்மா" என்றீர்கள்.

"அந்த வயசுல அவள நீங்க அசிங்கப்படுத்தினீங்களே சார்" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு எந்த மேடையிலும் உங்களைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. இப்போது செத்தும் போய்விட்டீர்கள். பேனர் அடித்தவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது போலிருக்கிறது.

டீயைக் குடித்துவிட்டு நேராகப் பர்வீனைப் பார்க்கப் போனேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வாசலுக்கு வந்தாள். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். பயிலரங்கில் நடந்ததையும் அப்போதுதான் அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"எ... என் பேர சொன்னப்ப அவரு மூஞ்சி எப்டி இருந்துச்சு டீச்சர்?"

சொன்னேன். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அவளுக்குப் போதும். எனக்கு இன்னும் போதவில்லை, சார்.