முன்பக்கத்துக்கு எத்தனை கிலோ ஸ்பிரிங்?

என் ரேஸ் வீரருக்கு,

கோபத்தில் நீங்கள் நேற்று தொடாத சாப்பாடு பிரிட்ஜில் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள். கார் சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

முதுகில் ஆபரேஷன் ஆன என் அப்பாவை காரைத் தாழ்த்திக் கெட்டியாக்கும் அந்தப் புது காயில்ஓவர் ஸ்பிரிங் போட்ட காரில் கூட்டி வந்தீர்களே, "கார் சூப்பரா நிக்குது மாப்ள" என்று அவர் சொன்னதாகப் பெருமைப்பட்டீர்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு. "ஒரு தலையணை குடும்மா, முதுகு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. மாப்ளகிட்ட சொல்லாத, ஆசையா மாட்டியிருக்காரு." அதனால்தான் "இது காரா, கட்டை வண்டியா?" என்று கத்திவிட்டேன். கத்தியது தப்புதான்.

காலையில் உங்கள் மெக்கானிக்கிடம் பேசினேன். "முன்னாடி மாட்டியிருக்கிற எட்டு கிலோ ஸ்பிரிங் ரேசுக்குத்தான்க்கா. ஒரு மில்லிமீட்டர் அமுங்கவே எட்டு கிலோ பாரம் வேணும். தெருவுல ஓட்ட அஞ்சு போதும், ரெண்டு விரல் உயரம் ஏத்திக்கலாம்னு அப்பவே சொன்னேன்" என்றார். அதை மட்டும் என்னிடம் சொல்ல மறந்துவிட்டீர்கள், இல்லையா ஐயா?

காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறேன். மத்தியானம் போய் ஸ்பிரிங்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். வளைவில் சாயாமல் போவது எனக்கும் பிடிக்கும்.

பி.கு: அப்பா எழுந்து வந்து, பின்னால் நின்று இதைப் படித்துவிட்டார். "அஞ்சு வேணாம், ஆறுன்னு போடும்மா. பாவம், மாப்ள முகம் வாடிடும்" என்கிறார்.