மாடி வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முட்டிவலி கூட இப்போது கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கிறது. உன் தோளில் பட்ட அடி எப்படி இருக்கிறதென்று மறைக்காமல் எழுது. போனில் எனக்குச் சரியாகப் பேச வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கார் பந்தயத்தை டிவியில் பார்த்தேன். உன் வண்டி சுவரில் மோதி நின்றதும் அந்த வெளிநாட்டு வர்ணனையாளர், அவங்க நாட்டுல முதல்ல ஹாரன் அடிக்கத்தான் கத்துக்குவாங்க, பிரேக்கெல்லாம் அப்புறம்தான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார். மறுநாள் முடிவெட்டப் போனால் அங்கேயும் இதே பேச்சு. கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, 'நம்ம ஆளுங்க ரத்தத்துலயே அது இல்ல சார்' என்றார். பாதித் தலையோடு எழுந்து வரவா முடியும், மீதியையும் வெட்டிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் நீயும் அதையே சொன்னாயே, 'நாம இதுக்குப் பொறந்தவங்க இல்லையோப்பா, விட்டுடலாம்னு இருக்கு' என்று. அதுதான் மனதைப் பிசைகிறது.

மாடியில் குடியிருந்த வெளிநாட்டு இன்ஜினியரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, பாலம் கட்ட வந்தவர். பந்தய ஓட்டிகளுக்குப் பேர்போன நாடு அவருடையது. வந்த புதிதில் ஒருநாள் சந்தை முக்கில் அவர் வண்டி நட்டநடுவில் நிற்கிறது, பின்னால் பஸ்ஸும் லாரியும் கத்துகின்றன, யாராவது வழிவிடுவார்கள் என்று மனுஷன் காத்திருக்கிறார், யார் விடுவது? அழாத குறை. நான் பக்கத்து சீட்டில் ஏறி, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், மெதுவா மூக்கை நுழைங்க, நிறுத்தாதீங்க, அவங்களே ஒதுங்குவாங்க என்றேன். அதிலிருந்து தினமும் வேலைக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் இறக்கிவிடுவார். மழைக்காலம் முடிவதற்குள் அவரும் இண்டு இடுக்கில் எல்லாம் புகுந்து, ஹாரனில் கையை வைத்தபடியே பேச ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் லாரிக்காரரை நம் பாஷையிலேயே திட்டினார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே மனுஷன்தானே கண்ணு, ரோடுதானே வேறு. அவர் ஊரில் பிள்ளைகளை ஓடி விளையாடும் வயதிலேயே குட்டி வண்டியில் ஏற்றிப் பந்தயத் தடத்தில் விட்டுவிடுவார்களாம். நீ ஸ்டியரிங்கைத் தொட்டதே காலேஜ் முடித்த பிறகு. அவர்களுக்குக் கிடைத்த அத்தனை வருஷப் பழக்கத்துக்கும் நாடு, ரத்தம் என்று பேர் வைத்துவிட்டார்கள். உனக்கே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். யாரோ சிரித்தார்கள் என்பதற்காக விடாதே.

வேலை முடிந்து போன வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டார். விமான நிலையம் வரை கூடப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். மாடியில் காலடிச் சத்தமே இல்லை. காலையில் பழக்கதோஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு டெய்லரம்மா, 'எங்கண்ணா கெளம்பிட்டீங்க?' என்று கேட்க, பால் வாங்க என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வாங்கியும் வந்தேன். அடுப்பில் ஏற்கெனவே பால் இருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தோளுக்கு ஒத்தடம் கொடு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருப்பாய். ஒன்று மட்டும் மறக்காதே. வண்டி நின்றதும் டிவிக்காரர்கள் ஜெயிக்கிறவன் பக்கம் கேமராவைத் திருப்பிவிடுகிறார்கள், நீ எழுந்து நடந்தாயா என்று எனக்குத் தெரிவதே இல்லை. இனி ஜெயித்தாலும் தோற்றாலும் உடனே கூப்பிட்டு 'எறங்கிட்டேன்பா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

எப்போதும் உன் நினைவாக,
அப்பா