தானாக ஓடிய விசிறி

நோட்டன் பிரிட்ஜ்
09.03.2025

அன்புள்ள சர்மிளாவுக்கு,

நானும் மகள் தனுஷிகாவும் நலம். நீயும் வேலை செய்யும் அந்த வீட்டில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மேடம் பக்கத்திலேயே நிற்பதாகச் சொன்னாய். அதனால் குவைத்துக்குத் திரும்பும் நிஷாந்தியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளைக்குச் சளி குறைந்துவிட்டது. கணக்கில்தான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள்.

தேயிலை பெக்டரியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கொழுந்து வாட்டும் மாடியில் விசிறி மோட்டர்களுக்குப் போன வருடம் ட்ரைவ் பெட்டி பூட்டினோம். மோட்டரை மெதுவாகக் கிளப்பி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. கரண்ட் போய் வந்தால் ஒவ்வொன்றாக நான்தான் போய் ஓடவிட வேண்டும். அதற்குள் கொழுந்து கெட்டுப்போகிறது, கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி மாற்று என்றார் பெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா. ஆபத்து என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. மாற்றிவிட்டேன்.

மூன்று கிழமைக்கு முன் கரண்ட் போன நேரம், மீனம்மா அக்கா விசிறியின் கம்பி வலையைக் கழற்றி, சிக்கியிருந்த கொழுந்தை எடுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணைக்கு முதல் நாள் ஐயா என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா கவனமில்லாம கைய விட்டுச்சுன்னு எழுதிக் குடு பிரதாப். ஒனக்கும் தொல்லை இல்ல, எனக்கும் இல்ல" என்றார். அப்படி எழுதினால் அக்காவுக்கு நட்டஈடு கிடைப்பது கஷ்டம். மாற்றச் சொன்னது அவர், மாற்றியது நான் என்று உள்ளதை எழுதினேன். மறுநாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். "ஒங்க மேல கோவம் இல்ல தம்பி. இனி என்னைய எந்த வேலைக்கு எடுப்பாங்கன்னுதான் யோசிச்சுகிட்டே இருக்கேன்" என்றார். பிறகு பஸ் ஏறினேன்.

சர்மி, அங்கே இன்னொரு வருடம் இருக்கட்டுமா என்று தை மாதம் கேட்டாய். வேண்டவே வேண்டாம் என்றேன். இப்போது அந்தப் பேச்சை எடுக்கவே எனக்கு வாய் வரவில்லை. தனுஷிகா உன் சட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள். அவளிடம் வேலை போனதைச் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன்னால் முடியாமல் போனால், என்னை யோசிக்காமல் புறப்பட்டு வந்துவிடு. முடிந்தால்... நீயே யோசித்துக்கொள்.

முருகன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்
பிரதாப்