றொசாந்திக்கு வைத்திருந்த அறை

செப்டெம்பர் 10, 2009, வியாழன்

அடுக்குக் கட்டில் வந்துவிட்டது. மேல்தட்டு பேரன் ஜெரோமுக்கு, கீழ்த்தட்டு சின்னவள் ஆரணிக்கு. மகள் றொசாந்திக்கு அவளுடைய பழைய கட்டிலே இருக்கிறது.

மருமகன் நிஷாந்த் மாத முடிவில் ஆப்கானிஸ்தான் போகிறான். ஆறு மாதம். பிள்ளைகளோடு இங்கே இங்கிலாந்துக்கு, என் வீட்டுக்கே வந்துவிடப் போவதாக மகள் சொல்கிறாள். ஜேர்மனியில் அந்தப் பிரித்தானிய இராணுவக் குடியிருப்புக்குப் போய் ஐந்து மாதமாகியும் மனம் ஒட்டவில்லையாம்.

“வா, பிள்ளை” என்றேன். வேறென்ன சொல்வது? மனைவி இறந்து இரண்டு வருடம். இந்த வீட்டில் கேட்கும் பேச்சுக்குரல் வானொலியுடையது மட்டும்தான்.

செப்டெம்பர் 13, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்ததும் பிலோமினம்மா பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், மருமோன் ஜேர்மனியிலை என்ன வேலை?”

“சமையல்.”

“ரெஸ்ரோறன்டோ?”

“பெரிய இடம். ஒரு நேரத்துக்கு அறுநூறு பேர் சாப்பிடுவினம்.”

“அப்ப நல்ல யாவாரந்தான்!”

பொய் இல்லை. நிஷாந்த் பிரித்தானிய ஆமியில் சமையற்காரன். ஆனால் இந்த வருடம், ஊரில் ஆமி போரை முடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, எங்கள் சனத்தின் முன்னால் ஆமி என்ற சொல்லை எப்படி வாயில் எடுப்பது? கோடையில் றொசாந்தி கூப்பிட்டபோதும் நான் போகவில்லை. துவக்கோடு நிற்கிறவனிடம் அடையாள அட்டையை நீட்டித்தான் மகளின் வீட்டுக்குள் போக வேண்டுமா? மன்னாரில் நீட்டியது போதும்.

செப்டெம்பர் 29, செவ்வாய்

நிஷாந்த் புறப்பட்டுவிட்டான். போகுமுன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, ஜெரோம் இப்பதான் பள்ளிக்கூடத்திலை சேர்ந்தவன். அவை இஞ்சை ஜேர்மனியிலையே இருக்கிறதுதான் நல்லம். நீங்கள் சொன்னா அவ கேப்பா.”

“பாப்பம்” என்றேன். மனதில் வேறு வைத்துக்கொண்டு சொல்லும் சொல் அது.

ஒக்டோபர் 6, செவ்வாய்

றொசாந்தி ஒரு மணி நேரம் பேசினாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை.

“முப்பது வீடும் ஒரே மாதிரி, அப்பா. நேற்று வேறை ஆரின்ரையோ வீட்டுக்கை போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துபோட்டன். உள்ளுக்கை முழுக்கப் பியர். அப்பதான் விளங்கினது.”

பக்கத்து வீட்டு டெபி கேக் கொண்டுவந்து தட்டினாளாம். இவள் கதவைத் திறக்கவில்லை.

“ஏன் பிள்ளை?”

“ரண்டு வருசத்திலை ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம் மாத்திப் போடுவாங்கள். பிறகென்னத்துக்குச் சிநேகிதம்? பதினொரு பெட்டி இன்னும் பிரிக்கேல்லை.”

அரைத்தவணை விடுமுறைக்கு இங்கே வருகிறார்கள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையோடு நிரந்தரமாகவே வந்துவிடும் யோசனை. இங்கே வால்தம்ஸ்டோவில் ஜெரோமுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு கவுன்சில் படிவத்தை இன்றே நிரப்பத் தொடங்கினேன். எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

ஒக்டோபர் 27, செவ்வாய்

வந்து மூன்று நாள். வீடு நிறைந்திருக்கிறது. ஆரணி என் செருப்பைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடக்கிறாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம்தான். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டேன்.

ஜெரோம் மாலையில் கார்களை அடுக்கி விளையாடுகிறான். ஆறு மணிக்கு, யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாகத் தன் பையில் போட்டு மூடி, தலைமாட்டில் வைக்கிறான். பல் துலக்கும் தூரிகையும் பைக்குள்தான்.

“ஏன் ராசா, நாளைக்கும் விளையாடலாமே?”

“அம்மா சொன்னவ தாத்தா. எல்லாம் பையுக்கை இருந்தா நல்லமாம்.”

அவனுக்கு ஐந்து வயது. ஒரு வெடிச்சத்தம் கேட்டதில்லை.

றொசாந்திக்குப் பத்து வயது, தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில் சண்டை நேரம். தலையணைக்குப் பதிலாகப் பையை வைத்துப் படு, எழும்பி ஓடச் சுகம் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தேன்; எத்தனை பிள்ளைகள் பருவக்காற்றை மறந்தார்கள். இந்த ஒரு பாடம் மட்டும் இரண்டு தலைமுறைக்குப் பதிந்துவிட்டது.

ஒக்டோபர் 31, சனி

போய்விட்டார்கள். விமான நிலையத்தில் அவள், “நத்தாருக்கு வந்தா பிறகு போகமாட்டன் அப்பா” என்றாள். தலையாட்டினேன்.

நவம்பர் 3, செவ்வாய்

படிவம் மேசையில் கிடக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மன்னாரில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றாமலே வாங்குப் பலகையில் குந்துவான். முன்னால் குனிந்தால் பை தலையில் சரியும், பின்னால் சாயவும் முடியாது. அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. மூளை இல்லாமலா? இல்லை, அவன் இன்னும் வந்து சேரவில்லை. நான் அவனைத் திட்டவில்லை. பையை மாட்ட ஓர் ஆணி அடித்துக் கொடுத்தேன்.

மகளுக்கு நான் என்ன செய்கிறேன்? ஓர் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு, “வா, வா” என்கிறேன். இந்த அறை இருக்கும்வரை அவள் அங்கே ஒரு பெட்டியையும் பிரிக்க மாட்டாள். இங்கே வந்தால் மட்டும் பிரிப்பாளா?

அவளுக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்காக.

நவம்பர் 5, வியாழன்

அறையைச் சச்சிதானந்தனுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். ஜேர்மனியில் ஸ்ருட்காட்டில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, இங்கே மீன்கடை போட வந்திருப்பவர். அடுக்குக் கட்டிலைப் பார்த்து, “மாஸ்டர், நான் மேலையோ கீழையோ?” என்று கேட்டார். மகள் ஆமி முகாமில் இருக்கிறாள் என்பதை இவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. “அதுக்கென்ன? அங்கை எங்கடை தெருவிலையும் ஆமிக்காரர் இருந்தவை. பேக்கரியிலை எங்களோடை வரிசையிலை நிண்டு பாண் வாங்குவினம்.”

நவம்பர் 8, ஞாயிறு

சொன்னேன்.

“என்ரை அறையை ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?” என்றாள் றொசாந்தி.

பதில் சொன்னேன். நீ அங்கே இருந்து பார்க்க வேண்டும், பிள்ளை — அப்படி ஏதோ. நிதானமாகச் சொல்ல வேண்டியதைத் தடுமாறிச் சொன்னேன்.

“அவர் அங்கை சண்டைக்கை நிக்கிறார். நான் இஞ்சை ரண்டு குஞ்சுகளோடை தனிய. நீங்கள் மீன்காரனுக்கு அறை குடுக்கிறியள்!”

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நவம்பர் 12, வியாழன்

அழைப்பு இல்லை. நான் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 17, செவ்வாய்

ஒன்பது நாள். செய்தியில் ஒவ்வொரு முறை நிஷாந்த் நிற்கும் ஹெல்மண்டின் பெயரைச் சொல்லும்போதும் எழும்பி நிற்கிறேன். சமையற்காரன்தானே, பின்னால்தானே நிற்பான் — யார் சொன்னது? குண்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியுமோ? நான் என்ன வேலை செய்துபோட்டன்! புருசன் போர்க்களத்திலை நிக்கேக்கை பெத்த பிள்ளைக்குக் கதவைச் சாத்துறவன் நானாத்தான் இருப்பன். சச்சிதானந்தனைப் போகச் சொல்வோமா? காலையில் இரண்டு முறை அவர் கதவு வரை போய்த் திரும்பினேன்.

நவம்பர் 21, சனி

றொசாந்தி தானாகவே அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

வியாழன் பின்னேரம் சீருடையில் இரண்டு பேர் தெருவுக்குள் நடந்து வந்தார்களாம். எல்லாப் பெண்களும் திரைச்சீலைக்குப் பின்னால். அப்படி வந்தால் யாரோ ஒருத்தியின் கணவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். “என்ரை வாசலடியிலை காலடிச் சத்தம் மெல்லமாச்சு அப்பா. பிறகு தாண்டிப் போனாங்கள்.”

டெபி வீடு. அவள் கணவனுக்கு ஒரு கால் போய்விட்டது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள்.

“என்ன செய்தனி?”

“அவ கதவிலை தட்டினன். திறந்தா. அவவின்ரை பிள்ளையள் ரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திட்டன். இஞ்சைதான் படுக்கினம்.”

அறையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

நவம்பர் 29, ஞாயிறு

பிலோமினம்மாவிடம் சொல்லிவிட்டேன். “மருமகன் ஆமியிலை. இங்கிலீஸ் ஆமி.” செபமாலையைப் பைக்குள் வைத்தார். பிறகு, “பேரைச் சொல்லுங்கோ, பூசையிலை மன்றாடக் குடுப்பம்” என்றார்.

டிசம்பர் 13, ஞாயிறு

றொசாந்தி அவசரமாக அழைத்தாள். பின்னால் நாலைந்து பிள்ளைகளின் சத்தம். ஒன்று ஆங்கிலத்தில் சோறு கேட்கிறது.

“அப்பா, நத்தாருக்கு வாங்கோ. முகாம் வாசல்லை முன்னமே பேர் குடுக்கவேணும். பாஸ்போட் நம்பரைச் சொல்லுங்கோ.”

எடுத்து வந்து வாசித்தேன். ஓர் இலக்கத்தைப் பிழையாகச் சொல்லி மறுபடி சொன்னேன்.

“எத்தினை நாள் எண்டு போட?”

“நீயே போடு.”

“பன்ரண்டு. அதுக்குப் பிறகு டெபி திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போறா. அவவின்ரை பிள்ளையளுக்கு நீங்கள் படுக்கிற அறை வேணும்.”

பதினைந்து ஆக்க முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஏலாதப்பா” என்றாள்.