பின் சீட்டுக்கு அடியில்

ஏப்ரல் 4, வியாழன்

காலையிலிருந்தே அனல். நாளை கணக்குப் பரீட்சை. படிக்கவில்லை.

நைனா வாடகைக் காரின் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறார். எஞ்சின் பக்கத்திலேயே இருப்பதால் சூட்டில் அதன் தண்ணீர் வற்றிவிடுகிறது. வழியில் வண்டி நின்றுபோய், சவாரிக்கு வந்தவர்களே இறங்கித் தள்ளுகிறார்கள். அம்மாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். வலி வரும் நேரத்தில் வண்டி நிற்கக் கூடாது. அதற்குத்தான் இத்தனையும்.

பேட்டரியைத் தூக்க ஒரு பக்கம் நான். கை வழுக்கியது. என் பாவாடையில் ஆசிட். நைனா கை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்தாள். அவர் உதறியதில் கதவு நிலையில் மோதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இனி நைனாவுக்குக் கோபம் வரும்படி எதுவும் செய்யக் கூடாது. எதுவும்.

ஏப்ரல் 5, வெள்ளி

கணக்கு சுமார். கடைசிக் கணக்கு தப்பு.

பாவாடையைத் துவைத்ததும் ஏழு ஓட்டை. நேற்றுப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் ஒயர் வேலை. கடைவீதியில் பேட்டரி சார்ஜ் போடும் காதர் பாய் வந்து பார்த்தார். டிக்கியில் மரப்பெட்டி, அதற்குள் பேட்டரி. அங்கிருந்து விரல் தடிமனில் ஒரு ஒயர், பின் சீட்டுக்கு அடியில் தகட்டில் போட்ட துளை வழியாக எஞ்சினுக்குப் போக வேண்டும்.

"அந்தோணி, ஓட்டையில ரப்பர் வெக்காம ஓட்டாத. தகடு கத்தி மாரி இருக்குது. ஒயர் தோலு உரிஞ்சு தகட்டுல பட்டுச்சுன்னா தீ தான். பெட்ரோல் டேங்கு வேற பக்கத்துலயே."

"வெச்சிடலாம் பாய். எம் பொண்ணு கை சின்னது. உள்ள போவும்."

"அப்ப மெக்கானிக்க ஊட்லயே பெத்து வெச்சிருக்கன்னு சொல்லு."

நைனாகூடச் சிரித்தார். பாய் என்னிடம் ஒரு பாட்டில் கொடுத்தார். "பயப்படாதம்மா, இது ஆசிட் இல்ல. காய்ச்சி எடுத்த தண்ணி. பேட்டரி வத்துனா ஊத்திக்கங்க." முன் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

லாரி டியூபில் நைனா ஒரு வளையம் வெட்டித் தந்தார். முதலில் துளையில் வளையம், பிறகு அதற்குள் ஒயர். குப்புறப் படுத்துக் கையை விட்டேன். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் எழும்பியது. விரலிலிருந்து நழுவி, கதவுக்குக் கீழே இருக்கும் பொந்துக்குள் விழுந்துவிட்டது. விரல் எட்டவில்லை.

"இன்னாடி பண்ற? ஆச்சா இல்லியா?"

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் துளையில் ஒயரைத் தள்ளினேன்.

"ஆச்சு நைனா."

சீட்டைப் போட்டு மூடினார்.

ஏப்ரல் 6, சனி

நாளை குருத்து ஞாயிறு. எல்லாரும் கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தரம்?"

"ஒரு தரம்."

பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொன்னேன். பாவம் போயிருக்கும். ஒயர் அங்கேயே இருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று மேல்சித்தாமூர் மடத்துக்குச் சவாரி. திரும்பி வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் பின் சீட்டை முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசனை மட்டும்.

இன்று சொல்லிவிடப் போனேன். நைனா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரே இழுப்பு, ஸ்டார்ட் ஆயிடுச்சு பாத்தியா? எல்லாம் உன் கை ராசி." ஐந்து பைசாவுக்குக் கமர்கட் வாங்கித் தந்தார். எப்போது இப்படிப் பேசினார் என்று நினைவில்லை.

சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும். புதன்கிழமை சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சரித்திரப் பரீட்சை முடிந்து வந்தால் வீடு பூட்டு. தெருவில் காதர் பாய் சைக்கிளோடு நின்றார்.

"உங்கம்மாவுக்கு வலி கண்டுடுச்சும்மா. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காரு. எதிர்வூட்டு லூர்து அக்காவும் கூட போயிருக்குது."

"பாய், அந்த ஒயரு..."

"ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சும்மா. நான்தான் பாத்தேனே. பயப்படாத."

தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

லூர்து அத்தை வீட்டில் படுக்கை. அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள்? ஒயர் வலது பக்கம்.

ஏப்ரல் 10, புதன்

லூர்து அத்தை முதல் பஸ்ஸில் வந்தாள். புடவையெல்லாம் கரி. தெருவே கூடிவிட்டது.

வல்லம் தாண்டும்போது பின் சீட்டுக்கு அடியில் புகை. நைனா அம்மாவை இழுத்து வெளியே போட்டுவிட்டு, எரிகிற ஒயரை வெறும் கையால் பிடுங்கியிருக்கிறார். வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். அம்மாவை மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். கிளம்புவதற்கு முன்பே வண்டியிலேயே பிறந்துவிட்டது. பெண்.

"அழவே இல்லடி. நீலம் பூத்துட்டு இருந்துச்சு. உங்க நைனா ஓடிப் போய் கார்ல இருந்த அந்தத் தண்ணி பாட்டில எடுத்தாந்து, உசுரு போறதுக்குள்ளன்னு அவரே ஞானஸ்நானம் குடுத்துட்டாரு. மரியான்னு பேரு வெச்சாரு. கை ரெண்டும் வெந்து தொங்குது, அந்தக் கையால."

பிறகுதான் அழுததாம். இரண்டு தரம். ஒரு லாரி நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஜுரம். பாப்பா பால் குடிக்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

பெரிய வியாழன். கோயிலுக்குப் போகவில்லை.

நைனா நேற்று இரவே வந்துவிட்டார். அம்மாவுக்குத் துணையாக லூர்து அத்தை திரும்பப் போயிருக்கிறாள். இரண்டு கையிலும் கட்டு, விரல் நுனி மட்டும் வெளியே. காலையில் மாடு கட்டிக் காரை இழுத்து வந்தார்கள். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. கதவுக்குக் கீழே பொந்தின் தகடு விலகிக் கிடந்தது. நைனா வெகுநேரம் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் காதர் பாய் வந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"ரப்பர் வெக்கச் சொன்னனே அந்தோணி?"

"வெச்சுது பாய், பொண்ணு. நான்தான் முன்னாலருந்து ஒயர புடிச்சி இழுத்தன். அதுல கழண்டுட்டு இருக்கும். என் தப்பு."

பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பென்சில் எடுக்க ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்தேன். உள்ளே ரப்பர் வளையம். கருகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்சம் தூசி மட்டும்.

பாயிடம் பேசும்போது அது நைனாவின் சட்டைப் பையில்தான் இருந்திருக்க வேண்டும்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையால் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாப்டியா?" என்றார்.

ஊட்டிவிட்டேன். நான்கு வாய்தான் சாப்பிட்டார். பாப்பா இன்னும் பால் குடிக்கவில்லையாம்.