காணாமல் போன மூன்றில் ஒரு பங்கு

மார்ச் 3

அளவு வந்துவிட்டது. அணு உலைக்குள் மூன்று மாதம் இருந்த தோரியத் துண்டு எவ்வளவு யுரேனியம் தந்திருக்க வேண்டுமோ, அதில் மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை. இயக்குநர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "மாசக் கடைசியோட திட்டத்த மூடிடலாம்மா. பன்னண்டு வருஷம் போதும்."

யாருக்குப் போதும்?

மார்ச் 4

வீட்டில், தையல் மெஷினை நிறுத்தாமலே என் கணவர் கேட்டார்: "கல்ல வேக வெச்சது வேகலயாமே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோரியம் நேராக யுரேனியம் ஆவதில்லை, நடுவில் வேறொன்றாக மாறி நிற்கும், அது பாதி மாறவே இருபத்தேழு நாள் பிடிக்கும், அதனால் உலையிலிருந்து எடுத்து மூன்று மாதம் ஆறப்போட்டுத்தான் அளப்போம் என்று விளக்கினேன்.

"ஆறப்போட்டீங்கல்ல?"

"துண்டோட வெச்ச அட்டையில தேதி இருக்கே."

"எந்தத் தேதி? எங்கிட்ட துணி குடுத்த தேதியா, தைச்சு வாங்கிட்டுப் போன தேதியா?"

நாளைக்கு முதல் வேலை அந்த அட்டையை எடுத்துப் பார்ப்பதுதான்.

மார்ச் 5

அட்டையில் நவம்பர் 24. உலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன்: அது உள்ளே போட்ட தேதி. எடுத்தது பிப்ரவரி 22. மூன்று மாதம் ஆறியதாக நினைத்து ஒன்பதே நாளில் அளந்திருக்கிறோம்.

எழுதியது யார்? நான். என் கையெழுத்தேதான்.

மார்ச் 6

அளவு பார்க்கும் சக ஊழியரிடம் மட்டும் சொன்னேன். எதையும் அவசரப்பட்டுச் செய்யாதவர், அதனால் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். கதவைச் சாத்திவிட்டு, "அளக்கற மெஷின் மேல பழியப் போட்டுடலாம் மேடம். அதுக்கென்ன மானமா மரியாதையா?" என்றார்.

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் கோளாறு என்றால் பன்னிரண்டு வருட அளவுகளும் சந்தேகத்துக்குள் போய்விடும். மாட்டேன். என் பெயர் கெட்டால் கெடட்டும்.

மார்ச் 9

திட்டக் குழுவின் முன் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். உட்காரவில்லை.

"தப்பு என்னோடது, தோரியத்தோடது இல்ல. அளந்தது போக மீதித் துண்ட, முத அளவுலேந்து இருபத்தேழு நாள் கழிச்சு, முப்பதாம் தேதி அளங்க. காணாமப் போனதுல சரிபாதி வந்திருக்கணும். வரலன்னா நானே பூட்டுப் போடறேன்."

இயக்குநர் பேனாவை மூடினார். "வந்தாலும், தேதி எழுதத் தெரியாதவங்க கையில திட்டத்தக் குடுக்க முடியாதும்மா."

"குடுக்க வேணாம் சார். மூடாதீங்க, அது போதும்."

மார்ச் 17

என்னோடு டீ குடிக்க யாரும் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்.

மார்ச் 29

நாளைக்கு வரவில்லை என்றால்? — வரும். வந்தே தீரும்.

மார்ச் 30

சரிபாதி! நிதானம் படியேறி ஓடி வந்து சொன்னார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கழிவறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 4

வேறு கட்டிடம், வேறு மேசை. ஜன்னலைத் திறந்தால் சுவர். பழைய அறிக்கைகளை அடுக்குவதுதான் இனி என் வேலை. திட்டம் நடக்கிறது, தலைமைக்கு வேறொருவர்.

நிதானம் புதிதாக அச்சடித்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். போட்ட தேதிக்கு ஒரு கட்டம், எடுத்த தேதிக்குச் சிவப்பில் இன்னொரு கட்டம்.

"இத எல்லாரும் உங்க அட்டைன்னுதான் சொல்றாங்க" என்றார் தயங்கி.

"சொல்லட்டும். இனி யாரும் தப்பா எழுத மாட்டாங்கல்ல?"

ஏப்ரல் 26

இன்னொரு இருபத்தேழு நாள் ஆயிற்று. மீதியிலும் பாதி வந்திருக்கும். அளக்கும் அறைக்குள் இனி என்னை விடமாட்டார்கள். அளந்து சொல்லவும் யாரும் வரவில்லை. வரவே வேண்டாம், எனக்குத் தெரியும்.